இருட்டாக விட்ட பாதி

19 ஜனவரி 2025, ஞாயிறு
ஊரிகம்

மனோகர் இந்த வாரமும் வரவில்லை. ஆபீசில் வேலையாம். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸ் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் அடுத்த வாரமும் வரமாட்டான். "சரி, சாப்டியா?" என்று மட்டும் கேட்டு ஃபோனை வைத்துவிட்டேன். "தினம் ரயில்ல போய் வர முடியல யசோ, பெங்களூர்ல ரூம் எடுத்துக்கறேன், சனி ஞாயிறு வந்துடுவேன்" என்றவன்தான் என் புருஷன். முதலில் சனி போயிற்று. இப்போது ஞாயிறும் ஆட்டம் கண்டிருக்கிறது.

அவனுக்காக வறுத்த பீஃபை நானும் நைனாவும் சாப்பிட்டோம். நைனாவுக்கு இரண்டு வாய்க்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் அத்தனை வருஷம் குடித்த தூசு சும்மா விடுமா? ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. "மாப்பிள்ளைக்கு வச்சது எனக்குக் கெடைக்குது. அவன் வராதது ஒரு விதத்துல நல்லதுதான்" என்றார். சிரித்து வைத்தேன்.

மதியம் பழைய யாஷிகா கேமராவைத் திறந்து உட்கார்ந்தேன். அதற்கு வேண்டிய பேட்டரியை இப்போது யாரும் செய்வதில்லை. சின்ன பேட்டரிகளை அடுக்கி, மிச்ச இடத்தில் பேனா ஸ்பிரிங் வைத்து, அலுமினியத் தாளைச் சுருட்டிச் செருகினால் விழித்துக்கொள்ளும். மேலே மஞ்சள் விளக்கு எரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் பென்டாக்ஸ், ஆக்ஃபா கிளிக், கண்ணாடி பாதி தூக்கியபடி நின்றுபோன ஜெனித். எல்லாம் செய்தவர்களே கைவிட்டவை. கல்யாணங்களுக்கு நான் கொண்டுபோகும் டிஜிட்டல் கேமராவும் இப்போது கடைக்கு வருவதில்லையாம். வாங்கிய புதுவாசம் போவதற்குள் அதுவும் இந்த அலமாரிக்கு வந்துவிடும் போல.

22 ஜனவரி

ராபர்ட்சன்பேட்டையில் மஞ்சள் நீராட்டு. நான் படம் எடுக்க எடுக்க, பெண்ணின் தாய்மாமன் என் தோளுக்கு மேலே ஃபோனை நீட்டிக்கொண்டே இருந்தார். "நீங்க எடுங்க மேடம், இது சும்மா சேஃப்டிக்கு" என்றார். மனோவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

வந்தான். புனேவில் வேலையாம். இப்போது இருக்கும் அதே துணிக் கம்பெனிதான், பெரிய பதவி. மார்ச் கடைசியில் சேர வேண்டும்.

"இப்ப ஸ்டூடியோவே கெடையாது யசோ. பொடவைய மட்டும் ஒரு படம் எடுத்துக் குடுத்தா போதும். கட்டிக்கிற பொண்ணு, நிக்கிற எடம், வெயிலு எல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிடுது."

"யாரு அந்தப் பொண்ணு?"

"அப்பிடி ஒரு பொண்ணே இல்ல. அதான் சொல்றேனே."

"இல்லாத பொண்ணு மேல வெயில் அடிக்குதா?" என்றேன். உள்ளேயிருந்து நைனா சிரித்தார். மனோ சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பான்.

"நீயும் வா" என்றான். நைனாவை யாரிடம் விடுவது என்றேன். "மாமாவையும் கூட்டிக்கினு போலாம்." பக்கத்துப் பங்காரப்பேட்டை வரைக்கும் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத மனுஷனைப் புனேவுக்கா என்றேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது.

"மாமாவைக் காரணம் சொல்லாத. மாமா இல்லன்னாலும் நீ வர மாட்ட."

"இன்னா பேச்சு பேசற நீ? பழைய மனோ இப்பிடிப் பேச மாட்டான்."

அதற்குத்தான் அதைச் சொன்னான். அலமாரியைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல். "அந்த மனோவ கம்பெனிக்காரன் நிறுத்திட்டான், யசோ. அந்த மாடல் இப்ப வர்றதில்ல. நீதான் ஸ்பிரிங்கு வச்சு, தாள் வச்சு, இன்னும் அவனையே ஓட்டப் பாக்கற."

மாலை ரயிலுக்குப் போய்விட்டான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

27 ஜனவரி

நேற்று வராத பதில் எல்லாம் இன்று வரிசையாக வருகிறது. கேட்க ஆள்தான் இல்லை.

2 பிப்ரவரி

நைனா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் எதைத்தான் மறைக்க முடியும், நடுவே ஒரு தட்டிதானே. "நீ போம்மா. எதிர்வீட்டு ஷோபா சோறு குடுக்கும். நான் இன்னா கொழந்தையா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல். நான் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

அவர் பெயர் தம்மபாலன். தன் அப்பா பார்த்துப் பார்த்து வைத்த பெயர் என்று அவருக்கு அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் எனக்கு யசோதரா என்று வைத்தார். புருஷன் விட்டுவிட்டுப் போன அந்த ராணியின் பெயர். "பேர் வைக்கும்போது கொஞ்சம் யோசிச்சிருக்கக் கூடாதா நைனா?" என்று கேட்டே விட்டேன்.

"அவரு ஞானம் தேடிப் போனாரும்மா. இவன் பொடவை விக்கப் போறான்" என்றார்.

இருவரும் சிரித்தோம். பிறகு நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மனோ சொன்னது உண்மையா? நைனா இல்லையென்றால் நான் போவேனா? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

7 பிப்ரவரி

எங்கள் காதலே ஒரு தவறில்தான் ஆரம்பித்தது. அப்போது இருவருக்கும் ஒரே ஸ்டூடியோவில் வேலை. நான் எடுத்து முடித்த ஒரு ஃபிலிம் சுருளை, முனையை முழுதாக உள்ளே சுற்றாமல், மேஜையில் வைத்துவிட்டேன். அந்த நாக்கு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புதுச் சுருள் என்று அர்த்தம். மனோ அதைப் புதிதென்று எண்ணி மாட்டி, என் படங்களின் மேலேயே தன் படங்களை எடுத்துவிட்டான். கழுவிப் பார்த்தால் நான் எடுத்த ஊரிகம் ஸ்டேஷனின் இருட்டு வாசலில் அவன் அம்மா ரத்தினம்மா முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட் கொடுப்பவர் மாதிரி. திட்டித் தீர்க்கத்தான் அவனிடம் போனேன். திட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது, பிறகு எங்கே திட்டுவது?

அப்புறம் வேண்டுமென்றே செய்தோம். நான் ஒரு சுருள் எடுப்பேன். பேனாவால் கோடு போட்டு, நாக்கை வெளியே விட்டுக் கொடுப்பேன். அவன் அந்தக் கோட்டிலிருந்து தொடங்கி அதன் மேலேயே எடுப்பான். என்ன எடுத்தோம் என்று வாயைத் திறக்கக் கூடாது. கழுவும்போதுதான் தெரியும். பேசாமல் இருந்த நாட்களில்கூட சுருள் மட்டும் கைமாறியிருக்கிறது. ஒரு சண்டையை முடித்து வைத்ததே ஒரு சுருள்தான். அவன் நெற்றியில் நான் எடுத்த எருமை நின்றது.

பெங்களூருக்குப் போன பிறகு ஒன்றுகூட எடுக்கவில்லை.

ஒரு சுருள் எடுத்து அனுப்பப் போகிறேன். பேச்சில் இப்போது எங்களுக்கு ஒத்துவரவில்லை. இதில் வரும். அதன் மேலே அவன் எடுத்து அனுப்பினால் — எடுப்பான். எடுக்கட்டும்.

13 பிப்ரவரி

இதைப் போல யோசித்து யோசித்து எந்தச் சுருளும் எடுத்ததில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒரு பாதியை இருட்டாக விடுகிறேன். வெளிச்சம் விழாத இடத்தில்தான் அடுத்தவர் எடுப்பது தெளிவாக விழும். வெளிச்சமான இடத்தில் விழுந்தால் வெளுத்துப்போகும். அதனால் நான் எடுப்பதை ஓரமாக வைத்து, பக்கத்தை அவனுக்கு விட்டுவிடுவது என் பழைய வழக்கம். அவன் அப்படியெல்லாம் யோசிக்கமாட்டான். முழுசாக நிரப்பி, என் மேலேயே ஏறி உட்காருவான்.

வெளியே எடுக்க முடியவில்லை, நம் ஊர் வெயிலும் சுரங்கம் கொட்டிவிட்டுப் போன அந்த வெள்ளை மண்மேடுகளும் இருட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. எல்லாம் வீட்டுக்குள்தான். கதவோரம் நைனா, பக்கத்தில் இருட்டு. அடுப்பு, பக்கத்தில் இருட்டு. கொடியில் அவன் விட்டுப்போன நீலச் சட்டை. கட்டிலின் என் பக்கம். கண்ணாடி முன்னால் நான், பாதி முகம்.

கண்ணாடிப் படத்தை எடுக்கும்போது தலை வாரிக்கொண்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன்.

17 பிப்ரவரி

பக்கத்து லைன் அமலாவுக்கு அவன் ரூம் இருக்கும் பக்கத்தில்தான் வேலை. காலை ரயிலுக்கு ஓடுகிறவளை நிறுத்தி ஒரு பையைக் கொடுத்தேன். கோடு போட்ட சுருள், கூடவே யாஷிகா. அவனிடம் ஃபோனைத் தவிர இப்போது ஒரு கேமராவும் இல்லை.

"இன்னாக்கா இவ்ளோ கனமா கீது? குண்டு கிண்டு இல்லியே?"

"அண்ணங்கிட்ட குடு, போதும்."

யாஷிகா இல்லாமல் அலமாரி பல் விழுந்த மாதிரி இருக்கிறது.

18 பிப்ரவரி

கொடுத்துவிட்டாளாம். "ஒண்ணும் சொல்லலக்கா. கையில வச்சு பாத்துக்கினே இருந்தாரு" என்றாள். ஏதாவது சொன்னானா என்று மறுபடி கேட்டேன். "அதான் சொன்னேனேக்கா" என்றாள் பாவமாக.

9 மார்ச், ஞாயிறு

வந்தான்! சொல்லாமல் கொள்ளாமல், ஆரஞ்சுப் பையோடு. நைனாவுக்கு உரித்துக் கொடுத்தான். வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து நகம் வெட்டிவிட்டான். சுரங்கத்தில் நசுங்கின அந்தக் கட்டைவிரல் நகத்தை நான் வெட்டினால் கத்துவார். அவன் வெட்டும்போது கையைக் குழந்தை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தார். புனே என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கிளம்பும்போது யாஷிகாவையும் சுருளையும் என் கையில் கொடுத்தான். முதலில் நாக்கைத்தான் பார்த்தேன். முழுதாக உள்ளே போயிருக்கிறது. எடுத்து முடித்துச் சுற்றியிருக்கிறான்!

"எடுத்தியா?" என்றேன்.

"கழுவிப் பாரு" என்றான். என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனான்.

இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன். அவ்வளவுதான்.

10 மார்ச்

போவேன். இன்று காலை பல் தேய்க்கும்போது தெரிந்துவிட்டது. நைனா இருந்தாலும் போவேன், அவரையும் கூட்டிக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரிக்கு நடந்து டாக்டரிடமே கேட்டுவிட்டேன். ஆக்சிஜன் வைத்த வண்டியில், நடுநடுவே தங்கிப் போனால் போகலாம், ஆனால் யோசித்துச் செய்யுங்கள் என்றார். யோசித்தாயிற்று. நைனாவிடம் சொன்னேன். "புனேல பீஃப் கெடைக்குமா?" என்று கேட்டார். அது சம்மதம்தான்.

மனோவிடம் இப்போதே சொல்லவேண்டாம். சுருளைக் கழுவி, ஈரம் காய்ந்ததும் கூப்பிட்டுச் சொல்கிறேன்.

அலமாரியைப் பார்த்தேன். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஜெனித்தை விட்டுவிடலாம். ஆக்ஃபாவையும் விடலாம். நானா இப்படி எழுதுகிறேன்?

12 மார்ச்

தண்ணீர் வரவில்லை. தொட்டியில் சமையலுக்கு மட்டும்தான் இருக்கிறது. சுருள் கழுவ எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரிந்தால் ஷோபா என்னைத் தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்பாள். டாங்கர்காரனுக்கு ஃபோன் போட்டேன். "நாளே, நாளே" என்கிறான். அவனுடைய நாளை எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

14 மார்ச்

டாங்கர் வந்தது. கறுப்புப் பைக்குள் கையை விட்டுச் சுருளைத் தடவித் தடவிச் சுற்றினேன். டெவலப்பர், ஃபிக்ஸர் எல்லாம் ஒழுங்காக. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர், நம் ஊர்த் தண்ணீர் உப்புக்கறை விட்டுவிடும்.

பின்கட்டில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

நைனா இருக்கிறார். அடுப்பு இருக்கிறது. சட்டை இருக்கிறது. நான் இருக்கிறேன், பாதி முகம். எல்லாம் கூர்மையாக, அழகாக. நான் எடுத்ததிலேயே நன்றாக வந்த சுருள் இதுதான்.

இருட்டாக விட்ட பாதி நெகட்டிவில் வெறும் கண்ணாடி போலத்தான் தெரியும். அங்கே ஏதாவது விழுந்திருந்தால் கறுத்திருக்கும். ஒன்றும் விழவில்லை. முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அந்தப் பாதியின் வழியாகப் பின்கட்டுச் சுவர்தான் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மறுபடியும். கை வலித்தது. கிளிப் போட்டுக் கொடியில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஒண்ணுமே இல்ல. ஒண்ணுகூட இல்ல.

15 மார்ச்

எழுந்ததும் ஒரு யோசனை. யாஷிகாவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். எடுப்பவன் எடுத்துக்கொண்டே போவான், சுருளில் ஒன்றும் விழாது. கைதேர்ந்தவர்களுக்கே நடக்கும். எனக்கு ஒரு கல்யாணத்தில் நடந்திருக்கிறது. அவன் தொட்டு எவ்வளவு நாளாயிற்று, மறந்திருப்பான்! பாவம், எல்லாம் எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பான். எனக்குச் சிரிப்புகூட வந்தது. இட்லி ஊற்றினேன். நைனா "இன்னா இன்னிக்கு மூஞ்சி நல்லா கீது" என்றார்.

பத்து மணிக்கு மேல் கூப்பிட்டேன்.

"மனோ, மூடியக் கழட்டினியா?"

"இல்ல."

"மறந்துட்டியா?"

"மறக்கல யசோ."

பிறகு அவனே சொன்னான். "மொதல்ல கழட்டித்தான் வச்சிருந்தேன். ஜன்னல்கிட்ட போய் பாத்தேன், ரோட்டுல எறங்கிப் பாத்தேன். எத எடுக்கப் போனாலும் உன்ன ஏமாத்தற மாதிரி இருந்துச்சு. அப்புறம் மூடியப் போட்டுட்டு ஒண்ணொண்ணா தட்டி முடிச்சேன். உன்னுதாவது கெடாம இருக்கட்டும்னு."

"அப்பிடியே திருப்பிக் குடுத்திருக்கலாம் இல்ல? நாக்கு வெளிய இருந்திருந்தா பாத்ததுமே புரிஞ்சிருக்கும்."

"அப்பிடியே குடுத்தா நீ இன்னொரு வாட்டி அனுப்புவ."

அனுப்பியிருப்பேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

சொல்லிவிட்டேன். மானம் மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. "நான் வரேன் மனோ. நைனாவுக்கு டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். கேமரா எதுவும் எடுத்துக்கினு வரல. நான் மட்டும் வரேன்."

மூக்கை உறிஞ்சினான். அழுகிறான் என்று தெரிந்தது.

"வேணாம் யசோ" என்றான்.

16 மார்ச்

வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு மெசேஜ் போட்டேன். இல்லை என்று பதில் வந்தது. நம்புகிறேன். இருந்திருந்தால் திட்டவாவது ஒருத்தி கிடைத்திருப்பாள்.

21 மார்ச்

நைனா கேட்கிறார், "எப்பம்மா கெளம்பறோம்?" டாக்டர் வேண்டாமென்றுவிட்டார் என்று சொன்னேன். "அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று டாக்டரைத் திட்டினார். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் டாக்டரைத் திட்டினோம்.

30 மார்ச்

யுகாதி. ஷோபா வீட்டிலிருந்து ஒப்பட்டுப் போளி வந்தது. நேற்று அவன் புனேவுக்குப் போய்விட்டானாம், அமலா சொன்னாள். கொடியில் இருந்த நீலச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தேன். அழுக்கே இல்லை, இருந்தாலும் துவைத்தேன்.

6 ஏப்ரல்

அலமாரியைத் திறந்து துடைத்தேன். கோபத்தில் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்றுதான் திறந்தேன். யாஷிகாவைக் கையில் எடுத்ததும் மனசு வரவில்லை. இதுங்க இன்னா பண்ணுச்சு பாவம்.

அவன் சொன்னது சரிதான், நிறுத்தின மாடலைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். சரியென்றால் வலிக்காதா?

14 ஏப்ரல்

அம்பேத்கர் ஜெயந்தி. காலையிலிருந்து தெரு முழுக்க நீலக் கொடி, மேளம். எல்லோரும் வெள்ளையில். நைனாவும் வெள்ளைச் சட்டை போட்டு, நீல பேட்ஜ் குத்திக்கொண்டு, ஊர்வலத்துக்குப் போக முடியாததால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஒரு போட்டோ புடி. அந்தப் பழைய டப்பாலயே புடி" என்றார்.

அவனுக்கு அனுப்பிய சுருளுக்கு அப்புறம் யாஷிகாவில் சுருள் மாட்டியது இன்றுதான். கண் வைத்தேன். கை தானாக அவரை ஓரத்துக்குத் தள்ளி, பக்கத்துக் கதவிருட்டை உள்ளே கொண்டுவந்தது. நைனா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நடுவுல வைம்மா. எத்தினி வருசமா ஓரமாவே குந்திக்கினு கீறேன்."

நான் ஓர் எட்டு நகர்ந்தேன். அவர் நடுவில் வந்தார். இரண்டு பக்கமும் வெள்ளையடித்த சுவர், முழு வெயில். வேறு யாரும் வந்து விழ அங்கே இடமில்லை. எடுத்தேன்.

உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது ஷோபா பிள்ளைகளோடு வரிசையில் நின்றாள், பின்னால் அமலாவும். எல்லோரையும் எடுத்து அந்தச் சுருளை முடித்துவிட்டேன்.